சந்தனத்தில் எழுதிய எண்

அப்பாவுக்கு எழுத வராது. படிப்பார், கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் பேனா அவர் விரலில் நிற்காது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். இங்கிலீஷ் எழுத்துகளைப் பட்டாளத்தில் கற்றார், அதுவும் இரும்பில் அடித்த எழுத்துகளாக. அதனால் மனு, கடிதம், கடை ரசீது எல்லாவற்றையும் அவருக்காக எழுதியது நான்தான். அவருடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். அவருக்காக இன்னும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

பெயர் சுப்புராயன். வடக்கனந்தலில் அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. "மிலிட்டரி" என்றால் கடை வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். சண்டை போடுகிற பிரிவு இல்லை. துப்பாக்கிகளைப் பிரித்து, பழுது பார்த்து, மாட்டிக் கொடுக்கிற ஆர்மரர் வேலை. பதினெட்டு வருஷம் துப்பாக்கியோடு வாழ்ந்தும் ஓர் உயிர் மீதும் சுடாதவர். 1972இல் திரும்பி வந்து, பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே சைக்கிளும் பம்புசெட்டும் மருந்தடிக்கும் மெஷினும் பழுது பார்க்கிற கடை போட்டார். காட்டுப்பன்றிக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த நிலக்காரர்கள் அதைத் துடைத்து எண்ணெய் போட அவரிடம்தான் கொண்டுவருவார்கள்.

அவருடைய அப்பா, என் தாத்தா ராமசாமி, வெள்ளைக்காரன் காலத்துக் கான்ஸ்டபிள். 1943 ஐப்பசியில், சேலம் ஜெயிலிலிருந்து தப்பிய ஒருவனைத் தேடிக் கல்வராயன் மலைக்குத் தனியாகப் போனார். திரும்பும்போது கோமுகி ஆற்றில் வெள்ளம். துப்பாக்கியை ஆறு கொண்டுபோய்விட்டது, உயிர் மட்டும் மிஞ்சியது. துப்பாக்கியைத் தொலைத்த குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கினார்கள். இதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த நீக்க உத்தரவு டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்தது.

ஆயுத பூஜையன்று ஊர் முழுக்கக் கலப்பையும் மண்வெட்டியும் கடப்பாறையும் கழுவிப் பொட்டு வைக்கும். வேலை போன பிறகு வந்த முதல் பூஜைக்குத் தாத்தாவிடம் வைப்பதற்கு எதுவும் இல்லை. ஒரு மணைப் பலகையைக் கழுவி, சந்தனம் குழைத்து, தொலைந்த துப்பாக்கியின் எண்ணை விரலால் எழுதி, மேலே குங்குமம் வைத்தார். டி 27418. சாகும்வரை ஒவ்வொரு வருஷமும் எழுதினார். அவருக்குப் பிறகு அப்பா எழுதினார். எங்கள் வீட்டில் ஸ்பேனர்களுக்கும் சுத்தியலுக்கும் நடுவில் அந்தப் பலகை சாய்ந்திருக்கும். வாய்ப்பாட்டுக்கு முன்னால் நான் மனப்பாடம் செய்த எண் அதுதான்.

"உங்க வூட்டுல இன்னாடி, நம்பருக்குப் படைக்கிறீங்க?" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள்.

"எங்க தாத்தா துப்பாக்கி. ஆத்துக்குள்ள இருக்குது" என்பேன். பெருமையாகத்தான் சொல்வேன்.

தாத்தாவை நான் பார்த்ததில்லை. நான் பிறப்பதற்கு முன்பே, 1961இல், போய்விட்டார். அப்பா சொன்னவை சில உண்டு. மலையிலிருந்து தேன் விற்பவர் தெருவில் வந்தால் தாத்தா எழுந்து உள்ளே போய்விடுவாராம். தேன் உடம்புக்கு ஆகாது என்பாராம். ஐப்பசியில் ஒருநாள் ஒரு மரக்கால் அரிசியை எடுத்துக்கொண்டு கோமுகிக் கரைக்குத் தனியாகப் போவாராம். உயிரை விட்டுவைத்த ஆற்றுக்கு நன்றி என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அப்பா பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று வழியனுப்பவே வரவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் அப்பா வாசலில் கால் வைத்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சுட்டியாடா?" என்பதுதான். "இல்லப்பா, ரிப்பேரு மட்டுந்தான்" என்றால்தான் சாப்பிட உட்காருவார்.

இவையெல்லாம் எங்களுக்கு ஒரு கிழவரின் கிறுக்குகளாக இருந்தன, 1987 செப்டம்பர் வரைக்கும்.

அப்போது இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் லாரிகள் அப்படியே நின்றன. புளியமரங்களை வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, தபால் இல்லை. விழுப்புரத்தில் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த நான் கல்லூரி மூடி வீட்டில் இருந்தேன். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மைலில், வெட்டிய மரத்தை அகற்றப் போன போலீஸ்காரர்களோடு கைகலப்பு வந்து, அந்தக் கூட்டத்தில் போலீஸ்காரர் ஒருவரின் துப்பாக்கி காணாமல் போனது. அதைத் தேடி வீடு வீடாகச் சோதனை நடந்தது. எங்கள் சாதி இளைஞர்கள் வீட்டில் படுக்காமல் கரும்புக் காட்டுக்குள் கிடந்தார்கள்.

நான்காம் நாள் காலை ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் கடைக்கு வந்தார்.

"மிலிட்டரி, ஐயா கூப்புடுறாரு. மலையில ஒரு துப்பாக்கி மாட்டியிருக்குது. நம்பரு தெரியல. கடலூருலேந்து ஆள் வர்றதுக்கு ரோடு இல்ல."

அப்பா கைப்பெட்டியை எடுத்தார். "இசை, நோட்டு எடுத்துக்கினு வாம்மா" என்றார்.

ஸ்டேஷனில் மேசை மேல் சாக்கு விரித்து அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தார்கள். முதலில் அது துப்பாக்கியாகவே எனக்குத் தெரியவில்லை. விளக்குக் கரியும் எண்ணெயும் குங்குமமும் பல வருஷமாகப் படிந்து, வெந்த கட்டை போல இருந்தது. சுவரோரம் தரையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பெயர் வேடியப்பன். வெள்ளிமலையைத் தாண்டி நடந்தே போகவேண்டிய ஓர் ஊரின் பூசாரி. அவருடைய எல்லைச்சாமி கோயிலில் கல்தூணோடு சேர்த்துக் கட்டியிருந்ததை அவிழ்த்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

"காலையிலேந்து ஒரே பதில்" என்றார் இன்ஸ்பெக்டர். "பெரியவரே, இது எப்படி வந்துச்சு உங்ககிட்ட?"

"சாமிதுங்க" என்றார் வேடியப்பன்.

"சாமி எந்தக் கடையில வாங்குச்சு?"

கான்ஸ்டபிள்கள் சிரித்தார்கள். "சாமிதுங்க" என்று மறுபடி அதே குரலில் சொல்லிவிட்டு அவர் அப்பாவைப் பார்த்தார். பிறகு பார்வையை எடுக்கவே இல்லை. எனக்கு அது ஏதோ மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டர் துப்பாக்கியின் மரப் பின்கட்டையைத் திருப்பிக் காட்டினார். வரிசையாகக் கத்தியால் போட்ட ஆழமான வெட்டுகள். "எண்ணிப் பாத்தேன் மிலிட்டரி. நாப்பத்தி நாலு. எத்தனை பேரை முடிச்சான்னு கோடு போட்டு வச்சிருக்கான். நம்ம துப்பாக்கி இதுவா இருந்தா ஆளு வெளியே வர்றதுக்குப் பல வருசம் ஆகும்."

அப்பா துப்பாக்கியின் வாயை மணல் வாளிப் பக்கம் திருப்பினார். குண்டைத் தள்ளும் போல்ட்டை இழுத்துப் பார்த்தார். துருப்பிடித்து இறுகியிருந்தது.

"எல்லாரும் செவுத்துக்கு அந்தாண்ட போங்க."

"இத்தினி வருசத்துத் துருவுல என்னத்தய்யா வெடிக்கப் போவுது?" என்றார் ஒரு கான்ஸ்டபிள்.

"உள்ள குண்டு இருந்தா அது இன்னைக்கும் குண்டுதான். போ அந்தாண்ட."

என்னை மட்டும் அவருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி அரை மணி நேரத்துக்குப் பிறகு போல்ட் நகர்ந்தது. உள்ளிருந்து ஒரு பித்தளைக் கூடு சாக்கில் விழுந்தது. வெறும் கூடு. சுட்டு முடித்தது.

துப்பாக்கியின் வாய் கருப்பாக எதனாலோ அடைத்திருந்தது. வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி இளக்கி வெளியே எடுத்தார். முகர்ந்து பார்த்தார். "தேன்மெழுகு" என்றார். அந்த உருண்டையை என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மடித்து என்னிடம் கொடுத்தார். எதையும் தூக்கிப் போடாதே என்பது அவர் வேலையில் முதல் விதி.

"சுட்டப்புறம் அடைச்சிருக்காங்கய்யா" என்றார். "கூட்டுல கே.எஃப். 41ன்னு போட்டிருக்குது. கிர்க்கி பாக்டரி, நாப்பத்தொண்ணாம் வருசத்து மருந்து. அப்புறம் இந்த வெட்டுங்க ஒரே நாள்ல போட்டது இல்ல. மொத வெட்டுக்குள்ள கரி ஏறிக் கெடக்குது. கடேசி வெட்டு இன்னும் வெளுப்பு. வருசத்துக்கு ஒண்ணு மாதிரி தெரியுது."

"அது உன் யூகம். எனக்கு நம்பர் வேணும்" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கையில் காணாமல் போன துப்பாக்கியின் எண் எழுதிய காகிதம் இருந்தது. அந்த நேரம் வயர்லெஸ்ஸில் கடலூரிலிருந்து கூப்பிட்டார்கள். அவர் உள் அறைக்குப் போனார்.

அப்பா பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டு இரும்பைத் தேய்த்தார். கரி கரைந்து ஓடியது. ஆனாலும் எழுத்து தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து விபூதிப் பொட்டலத்தை எடுத்து, இரும்பின் மேல் தூவி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து, மேலாகத் துடைத்தார்.

"இன்னா மிலிட்டரி, துப்பாக்கிக்குப் பட்டை போடுற?"

"அதுக்கும் பக்தி இருக்கட்டும்" என்றார் அப்பா.

பள்ளங்களில் தங்கிய விபூதி வெள்ளை வெள்ளையாக எழுத்துகளாயிற்று. "எழுதிக்க" என்றார். "கிரீடம். அதுக்குக் கீழ ஜி.ஆர்.ஐ. இஷாப்பூர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு." நான் எழுதினேன். சுதந்திரத்துக்குப் பிறகு செய்தவற்றில் சிங்கத் தலை இருக்கும் என்றும், ஆனால் கிரீடம் போட்ட பழையவையும் இன்னும் போலீசில் புழங்குகின்றன என்றும், எண்ணைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது என்றும் கான்ஸ்டபிளிடம் சொல்லிக்கொண்டே அடுத்த இடத்தில் விபூதி தேய்த்தார்.

"நம்பரு எழுதும்மா. டி."

டி என்று எழுதினேன்.

"ரெண்டு. ஏழு. நாலு..."

அவர் நிறுத்திவிட்டார். நான் நோட்டைப் பார்த்தேன். அவர் மூன்று இலக்கம்தான் சொல்லியிருந்தார். என் பென்சில் ஐந்தையும் எழுதி முடித்திருந்தது.

 அப்பாவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக, சந்தனப் பலகையில் இருக்கும் அதே வரிசையில், ஒன்று, எட்டு. ஆற்றுக்குள் இருந்த எண் மேசை மேல் கிடந்தது.

அப்பாவின் கை எண்ணெய்த் துணியை எடுத்தது. எடுத்தது அவருக்குத் தெரிந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த இடத்தை ஒருமுறை துடைத்தார். விபூதி போனது. எண்ணும் மறைந்தது. பழக்கமில்லாத கண்ணுக்கு அங்கே வெறும் துருதான் இருந்தது.

"கண்ணு எரியுது. மொகம் கழுவிக்கினு வரேன்" என்று வெளியே வந்தார். நான் நோட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

கைப்பம்புக்குப் பக்கத்தில் தெய்வசிகாமணி நின்றிருந்தார். எங்களுக்குப் பங்காளி முறை வராத உறவு; அப்பாவை மாமா என்பார். மறியலில் எங்கள் ஊரை நடத்தியவர் அவர்தான்.

"மாமா, நல்ல நேரத்துல உன்னக் கூப்ட்டானுங்க. இதான் அதுன்னு சொல்லிடு. தேடுறது நின்னுபூடும்."

"இது வேறடா சிகாமணி."

"வேறயா இருந்தா இன்னா? நம்பரு தேஞ்சு போச்சு, ஆனா மாடலு அதுதான்னு சொல்லு. எவன் வந்து பாக்கப் போறான்? பசங்க நாலு நாளா கரும்புக்குள்ள பாம்போட படுத்துக்கினு கெடக்குறானுங்க. அந்தாளு மலைமேல இருக்குற மலையாளி சாதி, பூசாரி. பாவம் பாத்து சீக்கிரம் வுட்டுருவாங்க."

அப்பா பம்பை அடித்துக் கொண்டிருந்தார். தண்ணீர் கையில் விழாமல் தரையில் விழுந்தது.

"மாமா, நம்ம சனம் எதுக்கு ரோட்டுல உக்காந்துச்சு? எனக்கா வேலை கெடைக்கப் போவுது? இதோ நிக்குதே இசை, இது மாதிரி படிக்கிற புள்ளைங்களுக்குத்தானே? ரோசனை பண்ணு." சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறியலைப் பற்றி அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எனக்குள் ஓடியது கரும்புக் காட்டுப் பையன்களும் இல்லை, வேலையும் இல்லை. தாத்தா பொய் சொல்லியிருக்கிறார். அரசாங்கத் துப்பாக்கியை மலையில் யாருக்கோ விற்றிருக்கிறார், அல்லது எதற்கோ கொடுத்திருக்கிறார். ஒரு திருட்டுக்கு நாற்பது வருஷமாகப் பொட்டு வைத்திருக்கிறோம். அப்படித்தான் நினைத்தேன். ஊர் சிரிக்கும் சத்தம் காதில் கேட்டது.

"அப்பா, தேஞ்சு போச்சுன்னே சொல்லிடலாம்ப்பா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. ரொம்பக் களைத்த பார்வை.

"உள்ள போவாம இருக்கணும்னா அந்தாளுக்கு இந்த நம்பரு வேணும். வேற எதுவும் அந்தாளுகிட்ட இல்ல. எனக்கு எழுதித் தர நீ இருக்குற. அந்தாளுக்கு யாரும்மா இருக்குறாங்க?"

பம்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "டிரங்குப் பொட்டியில தாத்தா காயிதம் இருக்குது. எடுத்துக்கினு வா. வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டாங்க."

கான்ஸ்டபிளின் சைக்கிளில் வீட்டுக்குப் போனேன். அம்மா ராணியம்மாள் நெல் புடைத்துக் கொண்டிருந்தார். பெட்டியைத் திறப்பதைப் பார்த்துவிட்டு, "அது எதுக்குடி இப்ப? ஆத்துல போனத ஆத்தோட வுடுங்களேன்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, சும்மா சொன்னார். 

திரும்பும் வழியில் வாய்க்கால் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினேன். காகிதம் மடிப்புகளில் பிய்ந்து தொங்கியது. கிழிக்கக்கூட வேண்டாம். கையைத் திறந்தால் போதும், தண்ணீர் கொண்டுபோய்விடும், தாத்தா சொன்ன மாதிரியே. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மாட்டு வண்டி ஒன்று பின்னால் வந்து வழி கேட்டது. ஏறி மிதித்தேன்.

அப்பா இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று, மறுபடி விபூதி தேய்த்து எண்ணைக் காட்டினார். அதே எண் எழுதியிருந்த நீக்க உத்தரவை நீட்டினார்.

"இது உங்க துப்பாக்கி இல்லீங்கய்யா. எங்கப்பா ராமசாமி கான்ஸ்டபிளா இருந்தப்ப அவரு கையில இருந்தது. நாப்பத்தி மூணுல போச்சு."

இன்ஸ்பெக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தன் நாற்காலியில் உட்கார்ந்தார். "இதுல ஆத்துல போச்சுன்னு எழுதியிருக்கே."

"பொய் சொல்லியிருக்காருங்க."

 சுவரோரம் சத்தம் கேட்டுத் திரும்பினோம். வேடியப்பன் எழுந்து நின்றிருந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக வேறு ஒரு வார்த்தை சொன்னார்.

"நீ ராமசாமி புள்ளதானா? மொகம் அப்பிடியே இருக்குதேன்னு பாத்துக்கினே இருந்தேன்."

"அப்ப உனக்குத் தெரியுமா? ஏன்யா சொல்லல?" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். வேடியப்பன் மறுபடி உட்கார்ந்துவிட்டார். 

கடலூரோடு பேசி முடித்து, கைரேகை வாங்கிக்கொண்டு, பிற்பகலில் அவரை அனுப்பினார்கள். துப்பாக்கி பழைய அரசாங்கச் சொத்து என்று ஸ்டேஷனிலேயே இருந்தது. பஸ் இல்லாததால் மூன்று பேரும் மலைப் பக்கம் நடந்தோம். எங்கள் வீடும் அந்த வழிதான். கொஞ்ச தூரம் போனதும் வேடியப்பன் தானாகப் பேசினார்.

"எங்கண்ணன் மாயவன் மரத்து மேல இருந்தான். கொம்புத்தேனு. நான் கீழ நின்னு பொகை போட்டுக்கினு இருந்தேன். பொழுது சாயுது. உங்கப்பா வழி தவறி ஒத்தையில வந்தாரு. மேல கருப்பா அசையுது. கீழ பொகைக்குள்ள நான் இருமுறேன், அது அவருக்கு உறுமுற மாதிரி கேட்டிருக்குது. கரடின்னு நெனச்சிட்டாரு."

அப்பா நின்றுவிட்டார்.

"ஒரே வெடி. அண்ணன் தேனடையோட வுழுந்தான். கல்யாணமாகி ஆறு மாசம். எங்காளுங்க கட்டையத் தூக்கிக்கினு ஓடியாந்தாங்க. உங்கப்பா ஓடல. அண்ணன் தலைய மடியில வெச்சிக்கினு உக்காந்திருந்தாரு. அடிக்கக் கை வரல யாருக்கும். மூணு நாளு எங்க ஊருலதான் இருந்தாரு. எங்களோட குழி வெட்டுனாரு."

வேடியப்பன் மலைப் பக்கம் கையைக் காட்டிவிட்டு மேலே சொன்னார்.

"ஆளக் கொன்ன ஆயுதம் ஊரு எல்லையத் தாண்டிப் போவக் கூடாது. அருவாளா இருந்தாலும் எங்க ஊருல அதான் வழக்கம். சாமிகிட்ட கட்டிடணும். வருசா வருசம் ஆடியில, இந்த வருசமும் இது யாரையும் கொல்லலன்னு சொல்லி ஒரு வெட்டுப் போடணும். அண்ணன் எடுத்த அடையில இருந்த மெழுகாலதான் அதோட வாய அடைச்சோம். இனிமே துப்பாக்கியத் தொட மாட்டேன்னு அவரு சத்தியம் பண்ணாரு. அவரு பேர வெளிய சொல்ல மாட்டோம்னு நாங்க பண்ணோம்."

நாற்பத்து நான்கு வெட்டுகள். இன்ஸ்பெக்டருக்கு அவை நாற்பத்து நான்கு பிணங்கள்.  அந்தக் கூட்டிலிருந்து போன ஒரே குண்டு எங்கே போனது என்று நான் காலையிலிருந்து ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

அப்பாவின் குரல் மாறியிருந்தது. "அதுக்காக ஜெயிலுக்குப் போவியாய்யா? எங்கப்பா செத்து இருவத்தாறு வருசம் ஆவுது."

வேடியப்பன் திடுக்கிட்டுப் பார்த்தார். "செத்துட்டாரா? எங்களுக்கு யாரு சொன்னாங்க? ஐப்பசியில ஆத்தங்கரையில எங்கம்மாவுக்கு அரிசி வெச்சிட்டுப் போவாரு. ஒரு வருசம் வரல. அப்புறம் வரவே இல்ல. கோவமாக்கும்னு நெனச்சிக்கினோம்."

அப்பா பாதையோரக் கல்லில் உட்கார்ந்தார். தேன் ஆகாதவர். "சுட்டியாடா" என்று கேட்டவர். எனக்குத் தெரிந்து அப்பா அழுதது அன்று ஒருநாள்தான்.

வேடியப்பன் மட்டும் மலையைப் பார்த்துக்கொண்டு, தனக்குத் தானே போலச் சொன்னார்: "வாயத் தொறந்துட்டாங்க. தூணு காலியா கெடக்குது. இனிமே அது சுடாதுன்னு யாரு சொல்றது?"

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இசை, அந்த மெழுகு எங்க?"

என் நோட்டுக்குள் காகித மடிப்பில் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். நாங்கள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. "நீதானேய்யா எடுத்த? இப்ப நீயே அடைக்கணும்ன்ற?"

"பிரிச்சத மாட்டாம வந்துட்டேங்கய்யா. எங்க வேலையில அது தப்பு."

இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். அப்பா மெழுகை உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கி, துப்பாக்கியின் வாயில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ஒரு துப்பாக்கியைத் துடைக்காமல், எண்ணெய் போடாமல் திருப்பிக் கொடுத்தது அவர் வாழ்க்கையில் அது ஒன்றுதான். வேடியப்பன் வாசலில் நின்று பார்த்துவிட்டு மலைக்குப் போனார்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அம்மா வழக்கம்போலப் பலகையைக் கழுவி வைத்தார். அப்பா அதைச் சுவரில் சாய்த்துக் காயவிட்டார். எழுதவில்லை.

காணாமல் போன துப்பாக்கி அடுத்த கோடையில் ஏரி வற்றியபோது சேற்றில் கிடைத்தது. போட்டவர் யார் என்று தெரியவே இல்லை. தெய்வசிகாமணியின் ஆட்கள் இரண்டு வருஷம் எங்கள் கடைக்கு வரவில்லை. மருந்தடிக்கும் மெஷின்கள் கெட்டுப் போய்க் கெட்டுப் போய் வேறு வழியில்லாமல் வந்தார்கள். எனக்கு வேலை கிடைத்தபோது முதலில் மாலை கொண்டுவந்தவர் சிகாமணிதான். அப்பா அவருக்குக் காபி போடச் சொன்னார்.

1988 முதல் ஒவ்வோர் ஆடியிலும் அப்பா மலைக்குப் போனார். துப்பாக்கி இல்லாத தூணுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டை நட்டிருந்தார்கள். அதில் உளியால் ஒரு வெட்டுப் போடுவார். வேடியப்பன் இறந்த பிறகு அவர் மகன் பழனி கூட நின்றார். போன ஆடியில் எண்பத்து இரண்டு வயதில், இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள ஏறினார். வரும்போது தேன் கொடுத்தனுப்புவார்கள். எங்களைச் சாப்பிடச் சொல்வார். அவர் தொட்டதில்லை.

காரியத்துக்குப் பழனி வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "காயிதம் கொண்டாந்த பொண்ணு நீங்கதானே? உங்கப்பா ஒவ்வொரு ஆடியிலியும் சொல்லுவாருங்க. எம்பொண்ணு சைக்கிள் மிதிச்சிக் கொண்டாந்தா, அதனாலதான் பழனி, உங்கப்பன் வூட்டுக்கு வந்தான்னு" என்றார். சுற்றியிருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

முப்பது வருஷமாக அப்பா அந்தக் கதையை அப்படித்தான் சொல்லியிருக்கிறார். கைப்பம்புக்குப் பக்கத்தில் நின்று, தேஞ்சு போச்சுன்னே சொல்லிடலாம்ப்பா என்று கேட்டவளைப் பற்றி அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னிடம்கூட.